கடைசிச் சாக்லேட்டும் கழன்ற பற்களும்

மேற்கத்திய வெகுசன இசையில் சர்க்கரை என்ற சொல் வரும்போது அது பெரும்பாலும் சர்க்கரையைக் குறிப்பதில்லை. 1965இல் வந்த 'ஐ வாண்ட் கேண்டி', 1969இல் வந்த 'சுகர், சுகர்', 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய 'பிரவுன் சுகர்' என எதை எடுத்தாலும் இனிப்பு என்பது ஒரு பெண்ணுக்கு இட்ட மாற்றுப்பெயர்தான். தின்பண்டத்தைத் தின்பண்டமாகவே வைத்துப் பாடிய ராக் பாடல்கள் அரிது. அந்த அரிய சிலவற்றுள் ஒன்று பீட்டில்ஸ் குழுவின் 'சவாய் டிரஃபிள்'. 1968 நவம்பர் 22 அன்று வெளிவந்து, 'வெள்ளை ஆல்பம்' என்றே எல்லோராலும் அழைக்கப்படுகிற இரட்டை இசைத்தட்டின் நான்காம் பக்கத்தில் மூன்றாவது பாடல். எழுதிப் பாடியவர் ஜார்ஜ் ஹாரிசன். மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக ஓடும் இந்தப் பாடலை விமரிசகர்கள் அதிகம் பொருட்படுத்தியதில்லை. முப்பது பாடல்கள் கொண்ட ஆல்பத்தில் இடம் நிரப்ப வந்த விளையாட்டு என்பதே பொதுவான கணிப்பு.

நாங்கள் ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரே ஒரு பாடலையோ கீர்த்தனையையோ பலமுறை கேட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். எங்களுள் ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் மொழிபெயர்ப்பாளர், ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஓர் இளைஞர் கித்தார் வாசிப்பவர். மற்ற மூவரும் வாசகர்கள் என்பதைத் தவிர வேறு தகுதி கோராதவர்கள். இந்தப் பாடலைப் பரிந்துரைத்தவர் கித்தார் நண்பர். சிரித்துவிட்டுக் கலையலாம் என்றுதான் அவரும் எண்ணியிருப்பார். ஆனால் அன்றைய பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. அதன் சாரத்தைப் பதிவு செய்து வைப்பது நல்லது என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் பாடல் பிறந்த கதை. அதை ஹாரிசனே 1980இல் வெளியான தமது 'ஐ மீ மைன்' நூலில் சொல்லியிருக்கிறார். அவருடைய நெருங்கிய நண்பர் எரிக் கிளாப்டன். அதே ஆல்பத்தில் ஹாரிசனின் 'வைல் மை கித்தார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலுக்காக 1968 செப்டம்பர் 6 அன்று கித்தார் வாசித்தவரும் இவரே. கிளாப்டனுக்குச் சாக்லேட் என்றால் உயிர். பற்களோ சொத்தை, ஓயாத பல்வலி. இருந்தும் ஒரு பெட்டியைக் கண்ணில் கண்டுவிட்டால் அது காலியாகும்வரை அவரால் கையை எடுக்க முடியாது. ஒருநாள் ஹாரிசன் வீட்டு மேசைமேல் மேக்கிண்டாஷ் நிறுவனத்தின் 'குட் நியூஸ்' சாக்லேட் பெட்டி இருந்தது. அக்காலத்துப் பெட்டிகளில் எந்தக் குழியில் எந்தச் சுவை என்று மூடியின் உட்புறத்தில் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஹாரிசன் அந்த மூடியைப் பார்த்துப் பாட்டெழுதினார். ஜிஞ்சர் ஸ்லிங், காபி டெசர்ட், மாண்டெலிமார், க்ரீம் டேஞ்சரின் ஆகியவை அப்படியே பாடலுக்குள் வந்து உட்கார்ந்தன. இவற்றுள் மாண்டெலிமார் என்பது நூகா மிட்டாய்க்குப் பெயர்போன தென்கிழக்குப் பிரான்ஸின் ஓர் ஊர். சவாய் டிரஃபிளும் அந்தப் பெட்டியில் இருந்ததுதான். இடைப்பகுதிக்குச் சொல் கிடைக்காமல் திணறியபோது, பீட்டில்ஸின் செய்தித் தொடர்பாளர் டெரெக் டெய்லர், தமக்குத் தெரிந்தவர் உருவாக்கத்தில் பங்குகொண்ட 'யூ ஆர் வாட் யூ ஈட்' என்ற திரைப்படத்தின் தலைப்பை எடுத்துக்கொடுத்தார்.

பாடலின் கட்டு எளிமையானது. சாக்லேட்டுகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நாவூற அடுக்கப்படுகின்றன. பிறகு பல்லவியில், கடைசியாகச் சவாய் டிரஃபிளையும் தின்று முடித்தால் பற்கள் அத்தனையையும் பிடுங்கவேண்டி வரும் என்று ஓர் எச்சரிக்கை. மறுபடி பெயர்கள், மறுபடி எச்சரிக்கை.

எங்கள் மொழிபெயர்ப்பாளரை முதலில் கவர்ந்தது அந்தப் பெயரடுக்குதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லிச் செல்லும் இடத்தை அவர் நினைவுகூர்ந்தார். அந்த வரிசையில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே கதை எதுவும் நகர்வதில்லை. பெயரைச் சொல்வதே இன்பம், சொல்லுகிறவருக்கு அந்த மலை எவ்வளவு பழக்கம் என்பதற்கு அதுவே சான்று. ஹாரிசன் செய்திருப்பதும் அதுதான், மலைக்குப் பதில் ஓர் அட்டைப்பெட்டி என்றார் அவர். சங்கப் புலவரையும் சாக்லேட் மூடியையும் ஒரே மூச்சில் சொல்வதா என்று வாசக நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். பெரும்புலவரின் உத்தியைச் சிறிய பொருளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று எந்த இலக்கணத்திலும் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் பதில் சொன்னார். அந்த விவாதம் அங்கேயே நின்றது.

அடுத்துப் பேசியவர் மருத்துவர். பல்லவியைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் இதை மிகைப்படுத்தல் என்று நினைக்கிறீர்கள். அந்த நாட்டில், அந்த ஆண்டில், இது சாதாரணச் செய்தி" என்றார். பிரிட்டனில் வயதுவந்தோரின் பல்நலம் குறித்த முதல் பெரிய கணக்கெடுப்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்தது இந்த ஆல்பம் வெளிவந்த அதே 1968இல். 37 விழுக்காட்டினருக்கு வாயில் இயற்கைப் பல் ஒன்றுகூட இல்லை என்று அது காட்டியது. மூவரில் ஒருவருக்கும் மேல். எப்படியும் சொத்தையாகி வலிக்கப்போகும் பற்களை இளம் வயதிலேயே மொத்தமாகப் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் கட்டிக்கொள்வது, அதையும் திருமணத்துக்குமுன் பெண்ணுக்குச் செய்துவைத்து மாப்பிள்ளைக்கு எதிர்காலச் செலவைக் குறைப்பது போன்ற வழக்கங்கள் அந்நாட்டின் சில வட்டாரங்களில் இருந்திருக்கின்றன. 2009இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பில் பல்லற்றோர் 6 விழுக்காடாகக் குறைந்துவிட்டனர். ஆகவே இன்று கேட்கிறவருக்கு வேடிக்கையாகப் படுகிற வரி, அன்று கேட்டவருக்குத் தம் தாயின் வாயையோ தந்தையின் வாயையோ நினைவூட்டியிருக்கும்.

பெட்டியைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதை மெல்லச் சமன்செய்து, இழந்த தாதுக்களைத் திரும்பப் படியச்செய்கிறது. ஆகவே எவ்வளவு தின்கிறோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை தின்கிறோம் என்பதே முக்கியம். இது உறுதிப்பட்டது ஸ்வீடனின் வீபெஹோல்ம் மருத்துவமனையில், 1940களின் பிற்பாதியில் தொடங்கிய ஆய்வில். மறுக்கவும் வழியற்ற மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு உணவு வேளைகளுக்கு இடையிடையே ஒட்டும் டாஃபி கொடுத்து, அவர்கள் பற்கள் அழிவதைக் கணக்கெடுத்த ஆய்வு அது. பல் மருத்துவம் அந்த அறிவை இன்றும் பயன்படுத்துகிறது, பெற்ற வழியை எண்ணி வெட்கவும் செய்கிறது என்றார். மேசைமேல் திறந்து கிடக்கும் பெட்டியும், அரைமணிக்கு ஒருமுறை அதற்குள் போய்வரும் கையும்தான் பல்லுக்கு மிகக் கொடிய ஏற்பாடு. ஹாரிசன் எதைக் கண்டு பாடினாரோ, அதுவேதான்.

அப்படியானால் அந்தத் தலைமுறைக்கு இனிப்பின்மேல் ஏன் இத்தனை வெறி என்ற கேள்வி எழுந்தது. விடை காலக்கணக்கில் இருக்கிறது. பிரிட்டனில் இனிப்புக்கும் சாக்லேட்டுக்கும் பங்கீடு வந்தது 1942 ஜூலையில். காலத்துக்குக் காலம் மாறினாலும் பெரும்பாலும் ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம். போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1949 ஏப்ரலில் நீக்கிப் பார்த்தார்கள். தேவையைச் சமாளிக்க முடியாமல் அதே ஆகஸ்டில் மீண்டும் கொண்டுவந்தார்கள். இறுதியாக நீங்கியது 1953 பிப்ரவரி 5இல். ஹாரிசன் பிறந்தது 1943 பிப்ரவரியில். கிளாப்டன் 1945 மார்ச்சில். சீட்டைக் காட்டாமல் ஒரு மிட்டாயைக் கடையில் வாங்கலாம் என்ற அனுபவம் ஹாரிசனுக்குப் பத்து வயதை எட்டும் தறுவாயிலும் கிளாப்டனுக்கு எட்டு வயதை எட்டும் தறுவாயிலும்தான் வாய்த்தது. எண்ணி எண்ணிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள், வளர்ந்து பணம் வந்ததும் எண்ணாமல் தின்றார்கள். அட்டைப்பெட்டியின் மூடியை ஒரு கவிதைபோல வாசிக்கவும் அப்படிப்பட்ட குழந்தைப்பருவம் வேண்டியிருந்திருக்கலாம்.

கித்தார் நண்பர் பொறுமையிழந்து, சொற்களை விட்டு இசைக்கு வாருங்கள் என்றார். அவர் சொன்ன ஒரு செய்தி பாடலைக் கேட்கும் விதத்தையே எங்களுக்கு மாற்றிவிட்டது. அடித்தளம் 1968 அக்டோபர் 3 அன்று லண்டன் டிரைடென்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாயிற்று. பால் மெக்கார்ட்னி பேஸ் கித்தாரும் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸும் வாசித்தனர். ஜான் லெனன் இந்தப் பாடலில் இல்லை. அக்டோபர் 11 அன்று இ.எம்.ஐ. கூடத்தில் ஆறு சாக்ஸபோன் கலைஞர்கள் சேர்க்கப்பட்டனர். இசைக்கோவை அமைத்தவர் கிறிஸ் தாமஸ். அறுவரில் ரோனி ராஸ் என்பவர்தான் பின்னர் 1972இல் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாடலின் முடிவில் ஒலிக்கும் சாக்ஸபோனை வாசித்தவர். இவர்கள் செறிவான, தேன் வழிகிற ஒலியை வாசித்துக் கொடுத்தார்கள். ஹாரிசன் ஒலிப்பொறியாளர் கென் ஸ்காட்டிடம், இனி இதைச் சிதையுங்கள் என்றார். பெருக்கிகளின் தாங்குதிறனுக்கு மேல் ஒலியைச் செலுத்தி, அதைக் கரகரப்பாக்கி, ஓரங்களைக் கிழித்தார்கள். கலைஞர்கள் கேட்க வந்தபோது, உங்கள் அழகான ஒலியை இப்படிச் செய்ததற்கு மன்னியுங்கள், எனக்கு வேண்டியது இதுதான் என்று ஹாரிசன் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாராம்.

இதைக் கேட்டபின் மறுபடியும் பாடலை ஓடவிட்டோம். இனிமையாக வாசிக்கப்பட்டுப் பிறகு சொத்தையாக்கப்பட்ட ஒலி. பல்லவி நெருங்கும்போது அந்தச் சாக்ஸபோன்கள் பல் துளைக்கும் கருவியைப்போல உறுமுகின்றன என்று மருத்துவர் சொன்னார். 2018இல் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புத் தொகுப்பில் இதன் குரலற்ற இசைத்தடம் தனியே கிடைக்கிறது. அதையும் கேட்டோம். சாக்லேட் பெயர் ஒன்றுகூட இல்லாத அந்தத் தடத்தில் ஆசை மட்டும் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. குரல் வரும்போதுதான் அதற்கு ஒரு விலை இருப்பது தெரிகிறது.

இதுவரை பேசாமலிருந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எங்களுள் மூத்தவர், பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்கிறவர், சென்ற ஆண்டு இடக்காலின் சிறுவிரலை இழந்தவர். பாடலின் பொருள் தெரிந்ததும், இதை ஏன் இன்று போட்டோம் என்ற சங்கடம் அறையில் பரவியிருந்தது உண்மை. அவரோ மூன்றாம் முறையாகப் பாடலைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"பதினெட்டு வருஷமாக என்னை எச்சரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சர்க்கரை, சர்க்கரை. ஜாங்கிரிக்கும் மைசூர்பாகுக்கும் அவர்கள் வாயில் ஒரே பெயர். இந்த மனுஷன் ஒவ்வொன்றையும் பெயர்சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம்தான் பல்லைப் பற்றிப் பேசுகிறான். நான் எதை இழக்கிறேன் என்று தெரிந்தவன் சொன்னால், அந்தச் சொல்லை நான் உட்காரவைத்துக் கேட்பேன்."

"கேட்பீர்கள் சார், விடுவீர்களா?" என்றார் மருத்துவர். குரலில் கண்டிப்பு இல்லை. தினமும் இதையே பார்க்கிற களைப்பு இருந்தது. கிளாப்டன் விடவில்லையே என்று அவர் தொடர்ந்தார்.

அவர் சொன்னது சரிதான். 1968 நவம்பர் 26 அன்று, இந்த ஆல்பம் வெளியான நான்காம் நாள், கிளாப்டனின் 'க்ரீம்' குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் விடைபெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் ஹெராயினுக்கு அடிமையானார். அதிலிருந்து மீண்டு மதுவுக்குள் போனார். 1987இல்தான் மதுவிலிருந்து முற்றாக விடுபட்டார். 1998இல் ஆன்டிகுவா தீவில் அடிமைப்பழக்க மீட்புக்காக 'கிராஸ்ரோட்ஸ்' மையத்தைத் தொடங்கினார். தமது வேட்கைகள் எல்லாம் சிறுவயதில் சர்க்கரையில் தொடங்கியவை என்று பின்னாளில் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அதை அறிந்தபின் இந்தப் பாடல் வேறொன்றாக ஒலிக்கிறது. காலிசெய்யாமல் விடமுடியாத அந்தப் பெட்டியில் ஹாரிசன் கண்டது பல்வலியை மட்டும்தானா, அல்லது நண்பனின் கையில் இருந்த ஒரு நிற்காமையையும் கண்டுவிட்டாரா என்று நாங்கள் விவாதித்தோம். பாடல் எழுதப்பட்ட நாளில் அது ஒரு கிண்டல். அதற்குமேல் அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் கிண்டலுக்கும் கூர்ந்த கண் வேண்டும்.

எச்சரித்தவரின் கதையும் இருக்கிறது. ஹாரிசன் நெடுங்காலம் புகைபிடித்தவர். தொண்டையில் வந்த புற்றுநோய்க்குப் புகைப்பழக்கமே காரணம் என்று 1998இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2001 நவம்பர் 29 அன்று, 58ஆம் வயதில் இறந்தார். அவருக்கும் ஒரு பெட்டி இருந்தது. அதன் மூடியிலும் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2002 நவம்பர் 29 அன்று, அதே ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவருக்கான நினைவுக் கச்சேரி நடந்தது. இசைப் பொறுப்பை ஏற்று நடத்தியவர் எரிக் கிளாப்டன். 1968இல் யாரிடம் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தாலும், இருவரில் கிளாப்டன்தான் முந்திப்போவார் என்று சொல்லியிருப்பார்கள்.

ஆகவே இது பலித்த எச்சரிக்கையும் அல்ல, பலிக்காத எச்சரிக்கையும் அல்ல என்று மொழிபெயர்ப்பாளர் கருதினார். மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவருக்குச் சொல்வது அறவுரை. இந்தப் பாடலில் சொல்லுகிறவரும் அதே மேசையருகே உட்கார்ந்திருக்கிறார்; பெட்டியே அவருடையது. தின்பதன் சுவையை மறைக்காமல், விலையையும் மறைக்காமல், இரண்டையும் ஒரே தாளத்தில் சொல்லிவிடுகிறார். அதன்பின் தின்பதும் தின்னாததும் நண்பர் பாடு. இதைவிட அதிகமாக ஒரு நண்பர் செய்யக்கூடியது என்ன என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மருத்துவர் மட்டும், "நான் நண்பரில்லை, மருத்துவர். எனக்கு இது போதாது" என்றார். அதையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இரண்டு பேரும் வேண்டும்.

இசையின் தரம்பற்றி எங்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாரிசன் இதே ஆல்பத்தில் எழுதிய நான்கு பாடல்களில் இதுவே எளியது, 'லாங், லாங், லாங்' எட்டுகிற ஆழத்தை இது எட்டவில்லை என்றனர் இருவர். நாங்கள் அறுபதுகளின் ஏக்கத்தை அதில் ஏற்றிக் கேட்கிறோம் என்ற குற்றச்சாட்டும் வந்தது. அதற்கு மறுப்பாகக் கித்தார் நண்பர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1969இல் பாடிப் பதிவுசெய்த வடிவத்தைப் போட்டுக்காட்டினார். ஜாஸ் உலகின் பேரரசி ஒருவர், அடுத்த ஆண்டே, இந்தச் சாக்லேட் பெயர்களைத் தம் குரலில் உருட்டி மகிழ்ந்திருக்கிறார் என்பது சிலருக்குப் போதுமான சான்றாக இருந்தது, சிலருக்கு இல்லை.

மேக்கிண்டாஷ் நிறுவனம் 1969இல் ரௌண்ட்ரீயுடன் இணைந்தது. இணைந்த நிறுவனத்தை 1988இல் நெஸ்லே வாங்கியது. 'குட் நியூஸ்' பெட்டி இன்று கடைகளில் இல்லை. அதிலிருந்த சுவைகளுள் பலவற்றை மக்கள் இப்போது அறிந்துவைத்திருப்பது இந்தப் பாடலின் வழியாகத்தான். தின்று தீர்ந்த ஒன்றின் பெயர்ப்பட்டியல், பல்லைப் பற்றிய ஒரு கிண்டலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கலையும் நேரத்தில் வங்கி அதிகாரி தம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, தமக்குப் பிடித்த பலகாரங்களை வரிசையாக எழுதத் தொடங்கினார். ஊர்ப்பெயரோடு எழுதினார்: திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு. முறுக்கு இனிப்பில்லையே சார் என்றோம். "அது இடையில் வாய் மாற்றிக்கொள்ள" என்றார். இருபத்துமூன்று பெயர்கள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைக்கூட அன்று யாரும் தின்னவில்லை. காகிதத்தை நான்காக மடித்து மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.